நொதியாரும் ஓடிப்போன ஜெல்லியும்

கல்லூரியின் உயிர்வேதியியல் துறையில் ஆய்வக உதவியாளர் ஒருவர் இருக்கிறார். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் அவர் நொதியார்.

பாடப்புத்தகம் என்சைமை நொதி என்கிறது. ஒரு செல்லுக்குள் இரண்டு மூலக்கூறுகள் ஒன்றையொன்று பார்த்தும் பார்க்காததுபோல் சுற்றிக்கொண்டிருக்கும். விட்டால் யுகக்கணக்கில் அப்படியே சுற்றும். நொதி நடுவில் புகுந்து ஒன்றை இந்தக் கையிலும் மற்றதை அந்தக் கையிலும் பிடித்து, முகத்துக்கு முகம் திருப்பி, லேசாக ஒரு தள்ளு தள்ளும். அவ்வளவுதான், இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நொதி மட்டும் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, கசங்காத சட்டையோடு, அடுத்த ஜோடியைத் தேடிக் கிளம்பிவிடும்.

நொதியாரின் சட்டையும் கசங்காது. நாற்பத்தைந்தைத் தாண்டிய பிரம்மச்சாரி. ஆனால் அவர் பிடித்துத் தள்ளியதில் ஒட்டிக்கொண்ட ஜோடிகளைக் கூட்டினால் ஒரு பேருந்து பத்தாது.

ரகசியம் இதுதான். ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் யார் யாரோடு நின்று செய்முறைப் பயிற்சி செய்ய வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப்போடுவது அவர் வேலை. நண்பர்களைச் சேர்க்கவே மாட்டார். வாயே திறக்காதவனை வாய் மூடாதவளோடு போடுவார். முதல் வாரமே முறைத்துக்கொண்ட இரண்டு பேரை ஒரே நீர்த்தொட்டிக்கு முன் நிறுத்துவார். உடம்புச் சூட்டிலேயே வைக்கப்பட்ட வெதுவெதுப்பான தண்ணீர், அதில் சோதனைக்குழாய்கள். ஒருவர் கையில் நிறுத்துக்கடிகாரம், மற்றவர் கையில் பிப்பெட். கடிகாரக்காரர் "இப்போ" என்பார்; பிப்பெட்காரர் அந்த "இப்போ"வில் சரியாக ஒரு சொட்டு விட வேண்டும். முந்தினாலும் தப்பு, பிந்தினாலும் தப்பு. ஒருவர் சொல்ல, மற்றவர் மறுபேச்சில்லாமல் கேட்க என்று ஒரு வருடம் பழகிய பிறகு, கல்யாணத்தில் புதிதாகக் கற்க என்ன மிச்சம் இருக்கிறது?

முதலாண்டில் எச்சில் நாள் என்று ஒன்று வரும். நம் எச்சிலில் ஒரு நொதி இருக்கிறது. ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக்குவது அதன் உத்தியோகம். எல்லோரும் ஆளுக்கொரு சோதனைக்குழாயில் துப்பி, அதை ஸ்டார்ச் கரைசலில் கலந்து, அவ்வப்போது ஒரு சொட்டை எடுத்து வெள்ளைப் பீங்கான் ஓட்டில் அயோடின்மேல் விடுவார்கள். ஸ்டார்ச் இருக்கும்வரை கருநீலம் வரும். எச்சில் அதைத் தின்று முடித்துவிட்டால் நீலம் வராது. யாருடைய எச்சில் வேகமானது என்பதில் அன்று நடக்கும் போட்டி, ஓட்டப்பந்தயத்தில்கூட நடக்காது. "உன் எச்சில் செம ஸ்பீடு" என்பதைவிடக் காதலோடு ஒரு வாக்கியம் அந்தத் துறையில் இதுவரை பேசப்படவில்லை.

இன்று அங்கே பாடம் நடத்தும் ஒரு கணவனும் மனைவியும் எச்சில் நாளில் உருவானவர்கள்தான். அவர்கள் வீட்டு முன்னறையில் கல்யாணப் படத்துக்குக் கீழே ஒரு வெள்ளை ஓடு, நீலப் புள்ளிகளோடு, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் அதை நவீன ஓவியம் என்று பாராட்டிவிட்டுக் காபி குடிக்கிறார்கள்.

இரண்டாம் ஆண்டில் வருவது அன்னாசி நாள். ஜெல்லியை உறையவைக்கும் ஜெலட்டின் ஒரு புரதம். நீளநீளமான நூல்கள் ஒன்றோடொன்று பின்னித் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால்தான் ஜெல்லி நிற்கிறது, ஆடுகிறது, ஸ்பூனைக் கண்டால் நடுங்குகிறது. அன்னாசிப்பழத்துக்குள் புரதத்தைத் துண்டு துண்டாகக் கத்தரிக்கும் நொதி இருக்கிறது. உறைந்த ஜெலட்டின்மேல் பச்சை அன்னாசிச் சாற்றை விட்டால் நூல்கள் அறுந்து, ஜெல்லி தண்ணீராகிவிடும். அதே சாற்றைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஊற்றினால் ஜெல்லி அசையாது. சூட்டில் நொதியின் உருவம் குலைந்துவிடுகிறது. வளைந்துபோன சாவியை வைத்துக்கொண்டு எந்தப் பூட்டைத் திறப்பது?

வருடா வருடம் இதைச் செய்துகாட்டும்போது நொதியார் ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரே நகைச்சுவையைச் சொல்வார்: "அன்னாசி தின்னா நாக்கு சுரீர்னு கடிக்குதா? நீங்க அதைத் தின்னும்போது அது உங்களைத் தின்னுது." மாணவர்களுக்கு மனப்பாடம். கடைசிப் பாதியை வகுப்பே சேர்ந்து பாடும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வைத்துக்கொள்ளவில்லை.

நொதியார் தன் அக்காவோடு வசிக்கிறார். அக்கா பள்ளிச் சீருடை தைப்பவர். கண்ணாலேயே அளவெடுத்து வாயாலேயே கத்தரிப்பவர்.

"ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் ஜோடி சேர்த்துட்ட. உன்னைச் சேர்த்து வைக்க யாருடா இருக்கா?"

"நொதி அந்த ரியாக்‌ஷன்ல கலந்துக்காதுக்கா. சேர்த்து வெக்கும், சேராது. அது ரூல்."

"யார் போட்ட ரூல்?"

"இயற்கை போட்டது."

"அந்த இயற்கைய ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வா. நாலு வார்த்தை கேக்கணும்."

இயற்கை வீட்டுக்கு வரவில்லை. கல்லூரி வாசலுக்கு எதிரே கேக் கடை போட்டது.

கடைக்காரம்மாவுக்கு நாற்பதைத் தொடும் வயது. மாவு பிசைந்து பிசைந்து உரமேறிய கைகள், தெருவுக்கே கேட்கும் சிரிப்பு. ஒருமுறை கல்யாணமாகி, விவாகரத்தும் ஆனவர். அதைப் பற்றி யாராவது துருவினால், "ஓவன் சரியில்ல, மாத்திட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரைப் பார்ப்பார். இனிப்பையே தொடாத நொதியார், கடை திறந்த வாரத்திலிருந்து தினம் மாலை அங்கே ஒரு துண்டு கேக் சாப்பிட்டார். பிறகு இரண்டு துண்டு. "எப்படி இருக்கு சார்?" என்று அவர் கேட்பார். "நல்லா இருக்கு மேடம்" என்று இவர் சொல்வார். இந்த உரையாடலில் மாதக்கணக்காக ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஆனால் உடம்பு சும்மா இருக்குமா? வாய் மூடியிருந்தாலும் செல்கள் வேலையை நிறுத்துவதில்லை. வருகிற சர்க்கரையில் வேண்டியதை எரிக்கின்றன, கொஞ்சத்தைக் கல்லீரலில் அடுக்குகின்றன, அதற்கும் மேல் வந்தால் கொழுப்பாக்கி இடுப்பைச் சுற்றி வைக்கின்றன. காதலை மனதில் ஒளிக்கலாம். வளர்சிதை மாற்றம் அதை இடுப்பில் எழுதிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அவருடைய பேன்ட்டை மூன்றாவது முறையாகப் பிரித்து விட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். மெஷினை நிறுத்தினார்.

"யாருடா அவ?"

"யாரு?"

"கேக் போடுறவ."

"உனக்கு யாருக்கா சொன்னா?"

"உன் இடுப்பு சொல்லுதுடா. நான் போடுற சோத்துக்கு இந்தச் சுற்றளவு வராது."

நொதியார் ஒப்புக்கொண்டார். அக்கா பேன்ட்டை மடியில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "ஒண்ணு, அவங்ககிட்ட கேளு. இல்ல, கேக்கை விடு. இதுக்கு மேல பிரிக்கத் தையல்ல துணி இல்ல."

கேட்பது எப்படி? அடுத்தவரை அடுத்தவரோடு சேர்க்கும் கலையில் அவரை அடிக்க ஆளில்லை. தனக்கென்று வரும்போது முதல் சொல்லே தொண்டைக்குள் திரும்பிப் போய்விடுகிறது. அப்போதுதான் துறைத்தலைவர் ஒரு யோசனையோடு வந்தார்.

வருடாந்தரக் கண்காட்சிக்குச் சாப்பிடக்கூடிய செல் ஒன்று வேண்டுமாம். ஒரு மேஜை அகலத்துக்குத் தெளிவான ஜெல்லி, அதற்குள் செல்லின் உறுப்புகள் எல்லாம் பழங்களாக. சிறப்பு விருந்தினர் பேசி முடித்ததும் அதை வெட்டுவார், எல்லோரும் தின்பார்கள். "பார்க்கவும் வேணும், தின்னவும் வேணும்" என்றார் தலைவர். கேக் கடைக்காரம்மாவிடம் வேலை போனது. நன்றாக அமைந்தால் கல்லூரி கேன்டீனுக்கு இனி அவருடைய கேக்தான் என்று தலைவர் வாக்கும் கொடுத்தார். செல்லில் எது எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க நொதியாரை அனுப்பினார்.

நொதியார் அன்றே முடிவு செய்தார். செல்லை வெட்டும் நேரத்தில், முதல் துண்டைக் கடைக்காரம்மா தன் கையில் தரும்போது, கேட்டுவிடுவது.

கடையின் சமையலறையில் பாடம் தொடங்கியது. நொதியார் படம் வரைந்து காட்டினார். கடைக்காரம்மா எல்லாவற்றையும் கடையாகவே புரிந்துகொண்டார்.

"நடுவுல பெருசா இருக்கே, அது?"

"உட்கரு. எதை எப்படிச் செய்யணும்ங்கிற குறிப்பெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. வெளிய போகாது. நகலெடுத்துதான் அனுப்பும்."

"விவரமான ஆளு. நானும் என் செய்முறையை யாருக்கும் தர்றதில்ல. பெரிய பிளம் பழம் வெச்சிடலாம். இந்த மடிப்பு மடிப்பா?"

"கோல்ஜி. சரக்கை மடிச்சு, கட்டி, விலாசம் ஒட்டி அனுப்புற இடம்."

"பேக்கிங் கவுன்ட்டர். ஆரஞ்சுத் தோலைச் சர்க்கரைப் பாகுல போட்டு அடுக்குறேன். இந்தக் குட்டிப் பைங்க?"

"லைசோசோம். பழசு, உடைஞ்சது எல்லாத்தையும் கரைச்சுத் தள்ளும். உள்ள முழுக்க நொதிங்கதான். பை கிழிஞ்சா செல்லையே கரைச்சுடும்."

"ஐயய்யோ! அப்ப கறுப்புத் திராட்சை. தோல் கெட்டி, கிழியாது. என் மேஜையில எதுவும் கரையக் கூடாது சார்."

"கரையாது மேடம்" என்றார் நொதியார்.

ஜெல்லியைக் கடற்பாசியில் செய்கிறேன் என்றார் அவர். கடற்பாசி மங்கலாக இருக்கும், ஜெலட்டின் என்றால் கண்ணாடிபோல் தெரியும் என்றார் இவர். அவர் ஒத்துக்கொண்டார். கடற்பாசியில் புரதம் கிடையாது, அது சர்க்கரைச் சங்கிலி. அன்னாசியின் கத்தரிக்கோல் அதை ஒன்றும் செய்திருக்காது. காதல் ஒரு மனிதனை எத்தனை வாசலில் நிறுத்தி எச்சரிக்கிறது, பாருங்கள்.

கடைசி வாசலுக்கு வந்தார்கள். செல்லுக்குச் சக்தி எடுத்துத் தரும் மைட்டோகாண்ட்ரியா, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும், செல்லின் அடுப்பு. அப்போது கடைக்காரம்மா வேறொரு கேக்குக்காக அன்னாசி நறுக்கிக்கொண்டிருந்தார். சாறு மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வழிந்தது. நெற்றியில் விழுந்த முடியைக் கை படாமல் உதட்டைச் சுழித்து ஊதித் தள்ளினார். ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"அடுப்புக்கு எதை வெக்கலாம் சார்?"

மனித மூளை உடம்பின் எடையில் சிறு பங்கு. ஆனால் உடம்பு எரிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே வாங்கிக்கொள்கிறது. அந்தக் கணத்தில் நொதியாரின் மூளை தன் பங்கு முழுவதையும் அந்த ஊதித் தள்ளிய முடிக்குச் செலவழித்துக்கொண்டிருந்தது.

"அதேதான்" என்றார்.

"எது?"

"உங்க கையில இருக்கிறது."

"அன்னாசியா?"

"அன்னாசி. ரொம்பப் பொருத்தம்."

"டின்ல வர்றதா, பழமா?"

டின்னில் வருவது சூடுபடுத்தி அடைத்தது. அதிலிருக்கும் நொதி செத்த நொதி. அதைச் சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்பார்.

"பழம்தான் மேடம். டின்னெல்லாம் எதுக்கு? ஃப்ரெஷ்ஷா இருக்கட்டும்."

இந்த இடத்தில் நீங்கள் "ஐயோ" என்றிருப்பீர்கள். அவர் "நான் வரேன் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார், தரையில் கால் படாமல்.

கண்காட்சி நாள். குளிரூட்டிய அரங்கு. முதல் நாளே உறையவைத்த ஜெல்லியைக் காலையில் கொண்டுவந்து, குழி தோண்டி, பழங்களைப் பதித்திருந்தார் கடைக்காரம்மா. விளக்கு வெளிச்சத்தில் அது ஒரு பெரிய கண்ணாடித் தட்டாக மின்னியது. உட்கரு கம்பீரமாக நடுவில். சர்க்கரை மணிகள் ரைபோசோம்களாகத் தூவப்பட்டிருந்தன. தங்க நிறத்தில் மைட்டோகாண்ட்ரியாக்கள், உள்மடிப்புகூட நாரில் தெரிந்தது. மேஜைக்கு முன்னால் கடையின் பெயர்ப்பலகை. பெற்றோர்கள் வரிசையில் நின்று படம் எடுத்தார்கள். நொதியாரின் அக்கா புதுச் சேலையில் முதல் வரிசையில் உட்கார்ந்து, செல்லை ஒருமுறையும் கடைக்காரம்மாவைப் பலமுறையும் பார்த்தார்.

சிறப்பு விருந்தினர் 'உயிர் என்றால் என்ன' என்ற தலைப்பில் பேச எழுந்தார். அவருக்குத் தலைப்பு முக்கியம், நேரம் முக்கியமில்லை. பிரபஞ்சம் தோன்றியதிலிருந்து தொடங்கினார். நட்சத்திரங்கள் வந்தன. பூமி ஆறியது. கடல்கள் தேங்கின.

கடல்கள் தேங்கியபோது மேஜையிலும் தேங்கியது. முதல் மைட்டோகாண்ட்ரியாவைச் சுற்றி ஒரு சிறு குளம். பிறகு அது மெல்லச் சாய்ந்தது. பிறகு மூழ்கியது.

இதைப் பார்த்தவர்கள் பின்வரிசை இரண்டாமாண்டு மாணவர்கள். யாரிடமாவது போய்ச் சொல்வார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? நொதியார் பயிற்றுவித்த பிள்ளைகள் அவர்கள். உடனே செல்போனில் நிறுத்துக்கடிகாரத்தைத் திறந்தார்கள்.

"வலது ஓரத்துல ரெண்டாவது, முழு அமிழ்வு. எழுதிக்கோ."

"கோல்ஜி பக்கத்துல இருக்கிறதுதான் அடுத்து பாரு."

"இல்லடி, அது காயா இருக்கு. மெதுவாத்தான் போகும்."

மேடையில் விருந்தினர் ஒருசெல் உயிரிக்கு வந்துவிட்டிருந்தார். "உயிர் என்பது ஒழுங்கு! அமைதி! கட்டுக்கோப்பு!" என்று முழங்கி, சான்றாக மேஜையை நோக்கிக் கையை நீட்டினார். நீட்டிய கையைப் பின்பற்றி அரங்கே திரும்பியது. சரியாக அந்த நேரத்தில் உட்கரு புறப்பட்டது. கரைந்த ஜெல்லியின்மேல் வழுக்கி, கோல்ஜியை இடித்து, தட்டின் விளிம்பைத் தாண்டிக் குதித்து, உருண்டு, அக்காவின் புதுச் சேலை மடியில் வந்து உட்கார்ந்தது. பின்னாலேயே ஜெல்லியும் வந்தது. மேஜை விரிப்பைத் தாண்டிப் பெயர்ப்பலகையின் எழுத்துகளில் வழிந்தது.

அக்கா பிளம்மை உயர்த்திப் பிடித்தார். "இது யாருது?"

துறைத்தலைவர் பல கூட்டங்களைச் சமாளித்தவர். ஒலிவாங்கியைப் பிடுங்கினார். "பெரியோர்களே! செல் தன்னுடைய நொதிகளாலேயே தன்னைக் கரைத்துக்கொண்டு இறக்கும் அரிய நிகழ்வு இது. உங்கள் கண்முன்னே நேரடிச் செயல்விளக்கம்! எங்கள் துறையின் முயற்சி!" அரங்கு கைதட்டியது. விருந்தினர் தன் பேச்சுக்கு என்று நினைத்து வணங்கினார்.

ஒலிவாங்கியை மேஜையில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கடைக்காரம்மாவிடம் சொன்னார் தலைவர்: "ஜெல்லி சரியா உறையலையேம்மா. கேன்டீன் விஷயத்தை அப்புறம் பார்ப்போம்." ஆனால் ஒலிவாங்கியை அணைக்க மறந்திருந்தார். 'அப்புறம் பார்ப்போம்' அரங்கின் நான்கு மூலையிலும் எதிரொலித்தது.

கடைக்காரம்மாவின் முகம் சிவந்தது. "என் ஜெல்லி உறையலையா? கல்லு மாதிரி இருந்துச்சு சார்! கத்தியால குழி தோண்டிப் பழம் வெச்சேன்!"

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி ஓடிவந்தாள். "மேடம், ஜெல்லி மேல தப்பே இல்ல. அன்னாசியைப் பச்சையா வெச்சுட்டீங்க. அது ஜெல்லியைத் தின்னுடும். சார்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாரு."

"எந்த சார்?"

மாணவி நொதியாரைக் காட்டினாள். கடைக்காரம்மா மெதுவாகத் திரும்பினார்.

"உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"எப்ப இருந்து?"

"வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து. வருஷா வருஷம் செஞ்சு காட்டுறேன்."

"அப்புறம் எதுக்கு அன்னாசின்னு சொன்னீங்க? டின்னான்னு வேற கேட்டேனே! என் கடைப் பேரைக் கெடுக்கணும்னா?"

நொதியார் வாயைத் திறந்தார். 'மேடம்' மட்டும் வந்தது. அக்கா பிளம்மை ஓங்கினார். "இப்ப சொல்லல, இது உன் மண்டைக்குத்தான் வரும்."

"நீங்க கையில வெச்சிருந்தீங்க மேடம்" என்றார் நொதியார். "அன்னைக்கு நீங்க செங்கல்லைத் தூக்கிக் காட்டியிருந்தாலும் அதேதான்னு சொல்லியிருப்பேன்."

ஒலிவாங்கி இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. செங்கல் அரங்கின் நான்கு மூலைக்கும் போய்த் திரும்பி வந்தது. பின்வரிசையில் யாரோ ஒருவன் விசில் அடித்தான். எச்சில் நாளில் உருவான விரிவுரையாளர் மனைவி கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

கடைக்காரம்மா சிரிக்கவில்லை. பெயர்ப்பலகையைத் துடைத்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "நாளைக்குச் சாயங்காலம் கடைக்கு வாங்க. ஒரு அன்னாசி வாங்கிட்டு வாங்க" என்றார். தலைவரிடம் திரும்பினார். "நீங்களும்தான் சார்." போய்விட்டார்.

அன்று வீட்டில் நொதியார் சாப்பிடவில்லை. அக்கா சேலையிலிருந்து ஜெல்லிக் கறையை எடுத்துக்கொண்டிருந்தார். சலவைத்தூளிலும் புரதம் தின்னும் நொதி இருப்பதால் கறை சுலபமாகவே போனது. "பாரு, உன் சொந்தக்காரங்கதான் வேலை செய்றாங்க" என்றார். தம்பி சிரிக்கவில்லை.

"பேரைக் கெடுத்துட்டேன்கா. இனி முகத்துல முழிக்க மாட்டாங்க."

"முழிக்காதவ அன்னாசி வாங்கிட்டு வான்னு சொல்வாளாடா, மக்கு?"

மறுநாள் மாலை நொதியார் அன்னாசியைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு கடைக்குப் போனார். தலைவர் முன்னாலேயே வந்து, ஒரு தட்டுக் கேக்கோடு உட்கார்ந்திருந்தார். மேஜையில் இரண்டு கிண்ணங்கள். கண்காட்சிக்குச் செய்த அதே அளவில், முந்தின இரவே உறையவைத்த ஜெல்லி. கடைக்காரம்மா ஒரு கிண்ணத்தைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார், ஜெல்லி விழவில்லை.

"உறைஞ்சிருக்கா சார்?"

"உறைஞ்சிருக்கும்மா" என்றார் தலைவர், வாய் நிறைய.

அன்னாசியைப் பிழிந்தார்கள். சாற்றில் பாதியை அடுப்பில் கொதிக்கவைத்து ஆறவிட்டார்கள். கடைக்காரம்மா ஓவனுக்கு வைக்கும் கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, நொதியாரிடம் ஒரு கரண்டியை நீட்டினார்.

"நான் சொல்றப்ப ஊத்தணும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது."

நொதியார் கரண்டியைப் பார்த்தார். அவர் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பல வருடங்களாக அடுத்தவர்களைக் கொண்டுபோய் நிறுத்திய இடத்தில் தான் நின்றுகொண்டிருப்பது அப்போதுதான் உறைத்தது. பச்சைச் சாற்றைக் கரண்டியில் மொண்டு கிண்ணத்தின்மேல் பிடித்தார்.

"இப்போ" என்றார் கடைக்காரம்மா.

ஊற்றினார்.

கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. தலைவர் இரண்டாவது தட்டுக் கேக்கை முடித்தார். பிறகு பச்சைச் சாறு ஊற்றிய கிண்ணத்தில் ஜெல்லி குழைந்தது, குழிந்தது, தளதளத்தது. சாய்த்தபோது ஓடியது. கொதித்த சாறு ஊற்றிய கிண்ணத்தில் ஜெல்லி, ஒன்றுமே தெரியாததுபோல் நின்றது. கடைக்காரம்மா அதைத் தலைவர் முகத்துக்கு நேராக ஆட்டிக்காட்டினார்.

"இப்ப சொல்லுங்க. என் ஜெல்லியா, உங்க ஆளா?"

"எங்க ஆள்தான்" என்றார் தலைவர். "கேன்டீனுக்கு நாளையில இருந்தே அனுப்புங்க." நின்ற ஜெல்லியையும் தின்றுவிட்டு, துறைக்கு ஆதாரம் வேண்டும் என்று ஓடிய ஜெல்லியை ஒரு டப்பாவில் வாங்கிக்கொண்டு போனார்.

கடையில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். மாதக்கணக்காகப் பழகிய உரையாடலைத் தவிர நொதியாருக்கு வேறெதுவும் வரவில்லை.

"நல்லா இருக்கு மேடம்."

"எது?"

"ஜெல்லி."

"நேத்து வேற ஏதோ கேக்க வந்தீங்களாமே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காலையில உங்க அக்கா வந்தாங்க. 'நேத்து கேக்க வந்தான், கேக்கல'ன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல. இடுப்பளவு எழுதின அட்டை ரெண்டைக் காட்டினாங்க. கடை திறக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு, இப்ப ஒண்ணு." தெருவுக்கே கேட்கும் அந்தச் சிரிப்பைச் சிரித்தார். "எனக்கு இதுவரைக்கும் யாரும் இவ்வளவு நீளமா லெட்டர் எழுதினதில்ல."

நொதியாருக்குக் காது மடல் சூடானது. உருவம் குலைகிற சூடு.

"கேளுங்க" என்றார் கடைக்காரம்மா. கடிகாரம் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"இப்பவா?"

"இப்போ."

கேட்டார். முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. வாக்கியம் என்னவோ தப்பும் தவறுமாகத்தான் வந்தது; நடுவில் இரண்டு முறை 'மேடம்' இடறியது, ஒருமுறை ஜெலட்டின் வந்தது. ஆனாலும் கேட்டார்.

"இடுப்பு இன்னும் ஏறும். பரவாயில்லையா?" என்றார் அவர். அதுதான் சம்மதம்.

துறையில் இப்போது ஒரே விவாதம். நொதி ரியாக்‌ஷனில் கலந்துகொள்ளாது என்ற விதி என்னவாயிற்று? இரண்டாமாண்டு மாணவர்கள் பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பதில் கண்டுபிடித்துவிட்டார்கள். சில மூலக்கூறுகள் எல்லோரையும்போல் நொதியிடம் வந்து நிற்குமாம். நொதியும் வழக்கமான வேலைதானே என்று கையைப் பிடிக்குமாம். பிடித்த கையை அது விடவே விடாதாம். அதற்குப் பெயர் மீளாத் தடுப்பான். கடைக்காரம்மா கேன்டீனுக்குக் கேக் கொண்டுவரும்போதெல்லாம் "மீளாத் தடுப்பான் வந்தாச்சு!" என்று கத்துகிறார்கள். பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்ட அவர், அதையே கடையின் புதுக் கேக்குக்குப் பெயராக வைத்துவிட்டார். அதில் அன்னாசி உண்டு. டின்னில் வந்தது.

அக்காதான் பாவம். தையலில் பிரிக்கத் துணியில்லாததால், தம்பிக்குப் புதுப் பேன்ட்டாகவே தைத்துக்கொண்டிருக்கிறார். இம்முறை இடுப்பில் எலாஸ்டிக் வைத்து.